அடுப்பு அணைந்த பிறகு

"இந்தக் காலத்துல எவனை நம்ப முடியுது? வண்டியைக் கழுவக் கொடுத்தா பெட்ரோலை உறிஞ்சிடறான். பல்லைக் காட்டப் போனா நல்ல பல்லையும் சேத்துப் புடுங்குறான். ரிப்பேர் கடையைப் பத்திக் கேக்கவே வேணாம். ஏம்மா, நான் இங்கயேதான் உக்காந்திருப்பேன். என் கண்ணு முன்னாடிதான் கழட்டணும்."

பெரியவர் இண்டக்ஷன் அடுப்பை மேஜைமேல் டொம்மென்று வைத்தார். சுற்றியிருந்த துணியைப் பிரித்ததும் தூசி பறந்தது.

தெருவே 'மெக்கானிக்கம்மா' என்று கூப்பிடும் அந்தக் கடைக்காரப் பெண் தும்மிவிட்டுச் சிரித்தாள். "தாராளமா பாருங்கய்யா. எத்தனை நாளா பரண்ல தூங்குச்சு இது?"

"மூணு வருஷமா."

"அப்ப இன்னைக்கு என்ன திடீர்னு ஞாபகம்?"

"அது உனக்கெதுக்கு? இதை நீ ரிப்பேர் பண்ணவும் வேணாம். முன்னாடி பாத்தவன் ஒரிஜினலை உருவிக்கிட்டு டூப்ளிகேட்டை மாட்டினானா இல்லையா, அதை மட்டும் சொல்லு. ரெண்டு தடவை பாத்தான். ரெண்டு தடவையும் புகைஞ்சுபோச்சு. அவன் கடையில நாலு பேர் முன்னாடி வச்சு, திருட்டுப்பயலேன்னு கேட்டுட்டு வந்தேன். அதோட அவன் வாசப்படியை மிதிக்கலை."

"அதுக்கு அவரு என்ன சொன்னாரு?"

"தலையைக் குனிஞ்சுக்கிட்டான். திருடாதவன் எதுக்கும்மா தலை குனியணும்?"

"சரி, இப்ப தெரிஞ்சு என்ன பண்ணப்போறீங்க?"

"அவன் வீட்டுக்குப் போறதா வேணாமான்னு முடிவு பண்ணணும். திருடியிருந்தான்னா போகமாட்டேன். பேசிக்கிட்டே இருக்காம பாரு."

மனிதர் சண்டைக்குக் கிளம்பிவிட்டார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். தன்னைப் போலவே ஸ்க்ரூடிரைவர் பிடித்துப் பிழைக்கும் யாரோ ஒருவரின் பெயர் இப்போது தன் வாயில் இருக்கிறது. அதனால் அவசரப்படாமல் கழற்றினாள்.

மேல் கண்ணாடியைத் தூக்கி வைத்து, கருகியிருந்த ஃபியூஸை மாற்றினாள். நேராகக் கரண்ட் கொடுக்காமல் ஒரு குண்டு பல்பு வழியாகக் கொடுத்தாள். பல்பு பளிச்சென்று எரிந்தது.

"எரியுதே! அப்ப அடுப்பு நல்லாத்தான் இருக்கா?"

"பல்பு எரியக் கூடாதுங்கய்யா. எரிஞ்சா உள்ள ஷார்ட்டுன்னு அர்த்தம்."

"என்ன எழவு கணக்கோ!"

பிளக்கைப் பிடுங்கிவிட்டு, செம்புச் சுருளை நகர்த்தினாள். விசிறிக்கு எதிரே அலுமினியக் கட்டையில் திருகி வைத்திருந்த கறுப்புச் சில்லின் கால்களில் மீட்டர் முனைகளை வைத்ததும் மீட்டர் விடாமல் கத்தியது.

"போனது இதுதான். பவர் டிரான்சிஸ்டர். கரண்டை வெட்டி வெட்டிச் சுருளுக்கு அனுப்புற சாமான்."

"அவன் மாட்டினதுதான் அது! டூப்ளிகேட்தானே? சொல்லு!"

சில்லைக் கழற்றி, பஞ்சில் தின்னரைத் தொட்டு அதன்மேல் இருந்த எழுத்தைத் தேய்த்தாள். "டூப்ளிகேட்டா இருந்தா எழுத்து பஞ்சோட வந்துடும்." அழுத்தித் தேய்த்தும் ஒரு புள்ளிகூட அழியவில்லை. "ஒரிஜினல்தாங்கய்யா. அதுவும் கம்பெனி போடறதைவிட ஒரு படி பெரிசு. தேடி வாங்கிப் போட்டிருக்காரு."

பெரியவரின் முகம் இருண்டது. "அப்ப ஏன் புகையணும்?"

சில்லின் அடியில் சூட்டைக் கடத்தப் பூசியிருந்த வெள்ளைப் பசை காய்ந்து பொடியாக உதிர்ந்தது. "சமைச்சு முடிச்சதும் சுவத்துல சுவிட்சையும் அணைச்சிடுவீங்களோ?"

"பின்னே? அடுப்பை நிறுத்தினப்புறமும் உள்ள விசிறி சுத்திக்கிட்டே கிடக்கு. யாருக்கு வேர்க்குதாம்? கரண்ட் பில்லை உங்கப்பனா கட்டுவான்?"

"இதுக்குத்தான் வேர்க்குது. சூடு இறங்குறதுக்குள்ள விசிறியை நிறுத்திட்டா, இது உள்ளயே வெந்து வெந்து போயிடும். எத்தனை தடவை மாத்தினாலும் போகும். அவரு மேல தப்பே இல்ல."

"அவனும் இதே விசிறிக் கதையைத்தான் சொன்னான்."

"நிஜம்னா ரெண்டு பேரும் அதைத்தானே சொல்வோம்?"

"பொய்யா இருந்தாலும் அதைத்தான் சொல்வீங்க. ஒரே தொழில்காரங்க. ஒருத்தரை ஒருத்தர் விட்டுக் கொடுப்பீங்களா?"

சொல்லிவிட்டு, அந்தச் சில்லை உள்ளங்கையில் வைத்து உற்றுப் பார்த்தார். "நல்லாப் பாரும்மா. ஏதாவது ஒரு குறை... ஒரு கீறலாவது இருக்கும்."

இத்தனை நேரம் அதட்டிய குரல் கெஞ்சியது. அவளுக்குச் சங்கடமாகிவிட்டது.

"இல்லாததை எப்படிங்கய்யா சொல்றது? போன மூணு வருஷம் போகட்டும். நேரா போய், தப்பா நினைச்சுட்டேன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. பேசாம தலை குனிஞ்சு நின்ன மனுஷன் கோவிச்சுக்கவா போறாரு? கூச்சமா இருந்தா அவரை இங்க கூட்டிட்டு வாங்க, நான் பேசுறேன்."

பெரியவர் எல்லாவற்றையும் துணியில் அள்ளி முடிந்தார். படியிறங்கியவர் நின்று திரும்பினார்.

"உன் பேச்சை நம்பி நான் போக முடியாது. இந்தத் தெருவுல வேற ரிப்பேர் கடை எங்க இருக்கு?"

"இன்னொரு கடையா? அதுக்கு அவரையே ஒரு வார்த்தை கேட்டுடலாமேய்யா!"

"அவனை எங்க கேக்கறது? விடியறதுக்குள்ள மூச்சு நின்னுபோச்சு. கூடப் பொறந்த அண்ணன் நான் வந்து முகத்தைப் பாத்தாத்தான் தூக்க விடுவேன்னு, அவன் பொண்டாட்டி எல்லாரையும் நிறுத்தி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கா" என்றவர், அடுப்பை மார்போடு அணைத்துக்கொண்டு அடுத்த கடையைத் தேடி நடந்தார்.