இரண்டு மணிக்குப் பரீட்சை

"கீழ வைக்காதீங்க தம்பி. தரை ஈரமா இருக்கு."

ரிப்பேர்க் கடை றொனால்ட் தரையில் இறக்கப்போன தேயிலைக் கொழுந்துச் சாக்கிலிருந்து, ராக்காயி கம்ப்யூட்டர் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தாள். மழைக்குத் தான் போர்த்தும் படங்கைச் சாக்குக்குச் சுற்றியிருந்தாள். பெட்டி நனையவில்லை. அவள் முழுக்க நனைந்திருந்தாள்.

றொனால்ட் வயரைச் செருகிச் சுவிட்சைப் போட்டான். உள்ளே விசிறி சுற்றியது. கடையிலிருந்த திரை கறுப்பாகவே இருந்தது. மூன்று முறை பீப் சத்தம் கேட்டது.

"எப்பலேர்ந்து இப்படி?"

"காலையிலேர்ந்துங்க. ரெண்டு மணிக்கு மகளுக்குப் பரீட்சை. கொழும்புக் கம்பனி வேலைக்கு. இதுலதான் எழுதணுமாம்."

"போன்ல முடியாதா?"

"முடியாதாம். இன்னைக்கு விட்டா விட்டதுதானாம்."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்றரை. பொகவந்தலாவைக் கடைவீதியில் மழை விடுவதாக இல்லை. ஆட்டோவை வாசலில் நிறுத்திவிட்டு வந்த துஷாந்த், போனைச் சார்ஜுக்குப் போட்டுவிட்டு நின்றிருந்தான்.

"தப்பான ஆள்கிட்ட வந்துட்டீங்க அம்மா. போன வருசம் என் ரேடியோவைக் குடுத்தேன். இப்ப அது மேல மாதா சுரூபம் வச்சிருக்கான்."

"உன் ரேடியோக்குள்ள கரப்பான் குடும்பம் நடத்துச்சு. நான் என்ன பண்ண?" என்றான் றொனால்ட்.

ராக்காயி சிரிக்கவில்லை. பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மகளையும் கூட்டிட்டு வந்திருக்கலாமேம்மா. இது சரி வரலைன்னா இங்க என் மெஷின்லயே எழுதலாம். இப்பவும் வரச் சொல்லுங்க."

"வேணாங்க. இதையே பாருங்க. நீ உக்காந்து படி, நான் தூக்கிட்டுப் போறேன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

றொனால்ட் பக்கத் தகட்டைக் கழற்றினான். பச்சைப் பலகையில், விரல் நீளத்தில் இரண்டு ரேம் துண்டுகள் அருகருகே நின்றன. இரண்டையும் பிடுங்கி, அவற்றின் அடிப்பற்களைப் பென்சில் அழிப்பானால் தேய்த்தான். திரும்பச் செருகினான். மீண்டும் மூன்று பீப்.

"ரெண்டுல ஏதோ ஒண்ணு போயிருக்கு. ஒவ்வொண்ணாப் போட்டுப் பாக்கணும்."

"பாருங்க."

"இன்னைக்கு வேலைக்குப் போகலையா?"

"லீவு போட்டேன். வர்ற மாசத்தோட எனக்கு அறுபதுங்க. தோட்டத்துல பேர் வெட்டிருவாங்க. வீட்டுல ஒரு ஆளாவது காலையில வேலைக்குப் பேர் குடுக்கப் பெரட்டுல போய் நிக்கலைன்னா, தோட்டம் குடுத்த லயத்து அறையைத் திருப்பிக் கேப்பாங்க."

"வீட்டுல வேற யாரு?"

"நானும் அவளுந்தான். அவ அப்பா செத்ததும் அந்த அறையிலதான்."

"கேட்டாக் குடுத்துட்டுப் போங்கம்மா. மக கொழும்புல வீடெடுத்து உங்களையும் கூட்டிக்குவா."

ராக்காயி படங்கை உதறி மடித்தாள்.

றொனால்ட் ஒரு துண்டை மட்டும் செருகிச் சுவிட்சைப் போட்டான். பீப். அதைக் கழற்றி மேசையில் வைத்தான். மற்றதைச் செருகினான். ஒரு நொடி ஒன்றுமில்லை. பிறகு திரை வெளுத்தது. மஞ்சள் சுடிதாரில் ராக்காயியின் மகள் நிலக்ஷி, தலையில் பூவோடு, தேயிலைச் செடிகளுக்கு நடுவே நின்று சிரித்தாள்.

"பாத்தியா?" என்றான் றொனால்ட், துஷாந்திடம்.

"மாதா காப்பாத்திட்டா" என்றான் துஷாந்த்.

ராக்காயி மேசையிலிருந்த துண்டை எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுதான் கெட்டதா? ரெண்டும் ஒண்ணு மாதிரித்தான் இருக்கு."

"பாத்தாத் தெரியாது. போட்டாத்தான் தெரியும்."

"இது மட்டும் இருந்தா எழும்பவே எழும்பாதா?"

"எழும்பாது. அந்த நல்லது ஒண்ணே போதும். உங்க மக தாராளமா எழுதலாம்."

கடிகாரத்தில் பன்னிரண்டு ஐந்து. துஷாந்த் போனை வயரிலிருந்து உருவினான்.

"பஸ்ஸுக்கு நிக்க வேணாம்மா. நான் அந்தப் பக்கந்தான் போறேன், அரை மணியில வீட்டுல விட்டுடுறேன். பாஸ் பண்ணா இனிப்புக்குத் தொதல் வாங்கித் தரச் சொல்லுங்க."

ராக்காயியின் இடுப்பில் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தாள். மறுமுனையின் அழுகை மேசைக்கு இந்தப் பக்கம் வரை கேட்டது. திரையின் வெளிச்சம் ராக்காயியின் முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"இன்னும் பாத்துக்கிட்டுத்தான் இருக்காங்க தாயி. அழுவாத. நீ படி."

போனை இடுப்பில் செருகினாள்.

றொனால்ட் துஷாந்தைப் பார்த்துக் கண்ணடித்தான். "நேர்ல கொண்டுபோய்க் காட்டி மகளை அசத்தப் போறாங்க."

கம்ப்யூட்டரை நிறுத்தி, வயரைப் பிடுங்கினான். பக்கத் தகட்டைப் பொருத்தி, முதல் ஆணியை வைத்துத் திருகத் தொடங்கினான்.

ராக்காயி தகட்டின் மேல் கையை வைத்தாள். கொழுந்துக் கறை ஏறிய கை. மற்றக் கையை அவன் முன்னால் நீட்டி விரித்தாள். அதில் அந்தத் துண்டு இருந்தது.

"நல்லதைக் கழட்டிட்டு, இதைப் போட்டுக் குடுங்க தம்பி."