முதல் படத்தில் செத்தவன்

திரையில் பாலம் இடிந்து விழுந்தது. அதன் அடியில் மல்லாந்து கிடந்தவன் நான்தான்.

படத்தை அந்த இடத்திலேயே நிறுத்தச் சொன்னார், காட்சிக்குக் காட்சி எதுவும் மாறிவிடாமல் பார்த்துக்கொள்ளும் கன்டினியூட்டி அக்கா. அறையில் இருந்தவர்கள் திரையை ஒருமுறை, என் மூஞ்சியை ஒருமுறை பார்த்தார்கள். தாடி வைத்திருந்தும் பிரயோஜனமில்லை.

சூப்பர் ஹீரோ பட வரிசையில் எட்டாவது படம் இது. பழைய நாயகர்களுக்கு முட்டி வலி வந்துவிட்டது. வானத்தில் பறக்கவைத்துவிடலாம், நாற்காலியிலிருந்து எழுப்புவதுதான் பெரும்பாடு. அதனால் இந்தப் படத்தில் புதிதாக ஓர் அணி வருகிறது. ஐந்து பேர். நான்காவது ஆள் நான்.

நேற்றுவரை நான்.

இந்தப் பட வரிசையில் ஒரு சட்டம் உண்டு. ஒருமுறை செத்த முகம் இன்னொரு ஆளாகத் திரும்பி வரக்கூடாது. ரசிகர்கள் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்ப்பவர்கள், மானத்தை வாங்கிவிடுவார்கள். முதல் படத்தில் வசனமில்லாத பிணமாக நடித்துவிட்டு, அதற்கப்புறம் ஒவ்வொரு படத்துக்கும் போய் வரிசையில் நின்றேன். கூட்டத்தில் முதுகைக் காட்டி நிற்கக்கூட அக்கா விடவில்லை. "நீ செத்தாச்சுப்பா, போ" என்று முகத்துக்கு நேராகச் சொல்லுவார். எனக்கு எமன் அவர்தான் என்று வீட்டில் திட்டிக்கொண்டே சாப்பிடுவேன்.

இந்த முறை இயக்குநர் புதியவர். அக்கா விடுப்பில் இருந்த வாரத்தில் என்னைத் தேர்ந்தெடுத்தார். இன்று அக்கா வந்தார், பார்த்தார், பழைய படத்தைப் போட்டுவிட்டார்.

இயக்குநர் தலையில் கை வைத்துக்கொண்டார். என் மனைவி அக்கம்பக்கத்தில் எல்லோரிடமும் சொல்லிவிட்டாள். என் மகள் பள்ளியில் சொல்லிவிட்டாள். அவர்களிடம் என்ன சொல்வது என்பதுதான் என் மண்டைக்குள் ஓடியது.

அக்கா திரைக்கு மிக அருகில் போய் நின்றார். கோப்பையில் ஒரு மடக்குத் தேநீர் குறைந்தாலும் கண்டுபிடிக்கிற கண் அது. ஏழு படங்களில் ஒரு பொத்தான்கூட அவரைத் தாண்டி மாறியதில்லை.

"கொஞ்சம் பின்னாடி ஓட்டுங்க. ம், இப்ப விடுங்க... இவரு சாகல."

பழைய நாயகன் என்னைக் குனிந்து பார்க்கிறான், உதட்டைப் பிதுக்குகிறான், பறந்துபோகிறான். அவன் போனதும், என் தோளுக்குப் பக்கத்தில் இடிபாட்டிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இடது கை மெதுவாக விரிந்தது, மூடியது.

இயக்குநர் துள்ளி எழுந்தார். செத்துவிட்டான் என்று நாயகனே கைவிட்டுப் போன ஆள்! யாரும் தூக்காமல் தானாக எழுந்தவன்! புது அணிக்கு இதைவிட நல்ல கதை எங்கே கிடைக்கும் என்று அறையைச் சுற்றிச் சுற்றி நடந்தார். பிறகு சட்டென்று நின்று, இத்தனை வருஷமாக இது எப்படி உங்கள் கண்ணில் படவில்லை என்று அக்காவைக் கேட்டார்.

"என் தப்புதான்" என்றார் அக்கா.

தப்பு என்ற சொல்லை அந்த வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. மற்றவர்களும் கேட்டதில்லை போல. ஓரத்தில் இருந்த எடிட்டர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் இருமினார். அக்கா யாரையும் பார்க்காமல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நான் எழுந்து அக்காவைப் பார்த்துக் கும்பிட்டேன்.

உடை தைக்கும் அறைக்கு அவரே என்னைக் கூட்டிப்போனார்.

"இவருக்கு இடது கைக்கு ஒரு கையுறை வேணும். இனி எந்தப் படத்திலயும் அதைக் கழட்டவே கூடாது."

தையல்காரர் அளவு நாடாவோடு வந்து என் இடது கையைப் பிடித்தார். பிடித்தவர் அப்படியே நின்றுவிட்டார். என் சுண்டுவிரல் பாதிதான் இருக்கும். சின்ன வயதில் கதவிடுக்கில் போனது. திரையில் விரிந்து மூடிய கையில் ஐந்து விரலும் முழுசாக இருந்தன. பக்கத்தில் புதைந்து கிடந்த வேறு யாரோ ஒரு துணை நடிகரின் கை அது. என் கை இரண்டும் இடிபாட்டுக்குள் இருந்தன.

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சுண்டுவிரலுக்கு மட்டும் உள்ளே கொஞ்சம் பஞ்சு வைங்க" என்றார்.