திரையில் மூவர், தாளில் இருவர்

“மை தீர்ந்துபோச்சா தம்பி? என் பேரு மட்டும் விழலையே!”

விலிசி இறுதிச் சடங்குத் தாளை மேசைமேல் வைத்தாள். கறுப்பு உடை, கக்கத்தில் சடங்குக்குக் கொண்டுவந்த பாய். தேவாலயத்துக்கு அப்பாவின் சவப்பெட்டி வந்துவிட்டது. பிஜித் தலைநகர் சுவாவின் மழையில் நனைந்தபடி அச்சகத்துக்கு ஓடிவந்திருந்தாள்.

கைபேசியை நீட்டினாள். இணையத்தில் அதே அறிவிப்பு. பிள்ளைகள்: விலிசி, ஜோனே, மெரெயானி. தாளிலோ ஜோனேயும் மெரெயானியும்தான்.

அப்பாவின் கல்யாணத்துக்கு முன்பே வேறொருத்திக்குப் பிறந்தவள் அவள். அந்த வீட்டில் யாரும் அவளை மகள் என்று சொன்னதில்லை. அறிவிப்பில் தன் பெயரைப் பார்த்த பிறகுதான் பிரிஸ்பேனில் விமானம் ஏறினாள்.

“பதறாதீங்கக்கா. திரையில தெரியறது சில நேரம் தாள்ல வராது” என்றான் கணினியில் இருந்த ரவுஆமா.

வேறு உலாவியில் திறந்து அச்சிட்டான். எழுத்துருவை மாற்றினான். தாளின் அளவை மாற்றினான். பாட்டு, ஜெபம், பாதிரியார் பெயர் எல்லாம் பளிச்சென்று விழுந்தன. அவள் பெயர் மட்டும் வரவில்லை.

“மை இல்லேன்னா அந்த இடமாவது காலியா இருக்கணுமே. கீழ் வரி மேல ஏறி உக்காந்திருக்கு” என்று முணுமுணுத்தபடி இணையப் பக்கத்தின் நிரலைத் திறந்தான். கை அப்படியே நின்றது.

“அக்கா... இந்த ஒரு வரியை மட்டும் அச்சடிக்கும்போது மறைச்சிடுன்னு எழுதியிருக்கு.”

“எழுதினது யாரு?”

“நான்தான்.” உள்ளறையிலிருந்து முதலாளி செரெயானா வந்தாள்.

“என் பேரை எடுக்கச் சொன்னது யாரு? ஜோனேயா?”

“எடுக்கலம்மா. உங்க தம்பி எழுதிக் குடுத்ததுல உங்க பேரே கிடையாது. மறுநாள் போன் பண்ணி, திரையில மட்டும் சேருங்கன்னாரு.”

விலிசியின் முகம் சட்டென்று இளகியது. “அவனுக்கும் மனசு கேக்கல, பாத்தீங்களா? தாள்ல போட வீட்டுல விட்டிருக்க மாட்டாங்க...”

செரெயானா தலை குனிந்துகொண்டாள்.

“பேரைப் பாத்துட்டா நீங்க அங்கேயே அழுது முடிச்சிடுவீங்க, இங்க வரமாட்டீங்கன்னாரும்மா.”