பிரிண்டரை மறந்த கம்ப்யூட்டர்

ஜெராக்ஸ் கடை ஒன்றில் ஒரு பழைய பிரிண்டர் இருந்தது. யார் பேப்பர் வைத்தாலும் பாதியில் கடித்துக்கொண்டு நிற்கும்.

பக்கத்திலிருந்த கம்ப்யூட்டருக்குப் புது ஓ.எஸ். போடும் நாள் வந்தது. அதற்கு முன்னால், கடைக்காரரின் சாவிக்கொத்தில் தொங்கும் பென்டிரைவ் வந்து பிரிண்டரைக் கம்ப்யூட்டருக்கு அடையாளம் காட்டும் டிரைவர் புரோகிராமை எடுத்து வைத்துக்கொண்டது.

"என்னை அவனுக்கு அடையாளம் காட்ட நீ எதுக்குடா? நாங்க ஒரே மேஜையில கிடக்கிறவங்க" என்றது பிரிண்டர்.

"இருக்கட்டும் அண்ணே, ஒரு பாதுகாப்புக்குத்தான்."

புது ஓ.எஸ். ஏறியது; பழைய நினைவெல்லாம் அழிந்தது. கண் விழித்த கம்ப்யூட்டர் பிரிண்டரைப் பார்த்து, "நீங்க யாரு?" என்றது. பிரிண்டருக்கு மையே உறைந்துபோனது. பழைய இரும்புக்குப் போட்டுவிடலாமா என்று கடைக்காரர் யோசித்தார். கடைசியாகப் பென்டிரைவைச் செருகிப் பார்த்தார். அது பத்திரமாய் வைத்திருந்த டிரைவரைக் கொடுத்தது.

"அட, நம்ம அண்ணன்" என்றது கம்ப்யூட்டர், ஒன்றுமே நடக்காதது போல.

பிரிண்டர் நன்றி சொல்ல வாயெடுப்பதற்குள் பென்டிரைவைக் கழற்றிவிட்டார்கள்.

இன்றும் பிரிண்டர் எல்லோர் பேப்பரையும் கடிக்கத்தான் செய்கிறது. அந்தப் பென்டிரைவில் வரும் பக்கங்களை மட்டும் ஒரு கசங்கல் இல்லாமல் கையில் கொடுக்கிறது.