இடம் போயிடுமே!

“வண்டி ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது மாப்பிள்ளை. மெக்கானிக்கை வரச் சொல்லியிருக்கேன்” என்றார் மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர், தேநீர்க் கோப்பையிலிருந்து கண்ணை எடுக்காமலே.

தங்கையின் கணவர் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தார். வாசலில் கார் பளபளவென்று நின்றிருந்தது.

“ஒரு வாரத்துக்குத்தான் மச்சான். அவளுக்கு எப்ப வேணா வலி எடுக்கலாம்னு டாக்டர் சொல்லிட்டாங்க. எங்க ஏரியாவுக்கு ராத்திரியில டாக்ஸி கூப்பிட்டா, எங்கன்னு கேட்டுட்டு அப்படியே போனை வச்சிடறான்.”

“எனக்குத் தெரியாதா? வண்டி நல்லா இருந்தா நானே கொண்டுவந்து விட்டிருக்க மாட்டேனா?”

மாப்பிள்ளையின் வீடு ஊர்க் கடைசியில். அங்கே பால் வாங்கக்கூடப் பேருந்து பிடிக்க வேண்டும். கடைக்காரரின் வீடோ ஊரின் நடுவில். கடை, பள்ளிக்கூடம், மார்க்கெட், ரயில் நிலையம் எல்லாமே நடை தூரம் என்பதால் காருக்கு வேலையே இல்லை.

தெருவில் எல்லார் வீட்டுக் காரும் அப்படித்தான் சும்மா நின்றது. அதனால் இடத்துக்கு அடிதடி. வண்டியை ஒருமுறை வெளியே எடுத்தால், திரும்பி வருவதற்குள் வேறொருவர் நிறுத்தியிருப்பார். பிறகு தெருத்தெருவாகச் சுற்ற வேண்டியதுதான். வாசலிலேயே இடம் கிடைத்ததிலிருந்து கடைக்காரருக்குக் காரை அசைக்க மனம் வரவில்லை. தினமும் துடைப்பதோடு சரி. அன்று காலை ரிமோட்டை அழுத்தியபோது கதவு திறக்கவில்லை. ரிமோட்டில் செல் தீர்ந்திருக்கும் என்று சாவியைப் போட்டுத் திறந்து, உள்ளேயும் துடைத்திருந்தார்.

“பரவாயில்ல மச்சான், பார்த்துக்கறேன்” என்று மாப்பிள்ளை செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினார்.

மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். “அதென்ன வண்டியா, இல்ல வாசல்ல வச்ச சிலையா?”

“மெதுவாப் பேசு. கீழ கேட்கப் போகுது.”

“கேட்கட்டுமே. அங்க ரெண்டு உசிரு தவிக்குது. இவருக்கு இடம் போயிடுமாம்!”

கடைக்காரரின் முகம் சுண்டிப்போனது. ஆளரவமற்ற அந்தச் சாலையோரத்தில் தங்கை வயிற்றைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல் ஒரு காட்சி கண்ணில் வந்து நின்றது. ஆணியில் தொங்கிய சாவியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினார்.

மாப்பிள்ளை காருக்குப் பக்கத்தில்தான் நின்றிருந்தார். ஜன்னல் கண்ணாடியில் முகம் வைத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தவர், சட்டென்று விலகினார்.

சொன்னது பொய் என்று ஒப்புக்கொள்ளக் கடைக்காரருக்கு நாக்கு எழவில்லை. “எதுக்கும் ஒருவாட்டி நீங்களே போட்டுப் பாருங்க. சில நேரம் ஸ்டார்ட் ஆகிடும். ஆச்சுன்னா எடுத்துட்டுப் போங்க. குழந்தை பிறக்கற வரைக்கும் உங்ககிட்டயே இருக்கட்டும்.”

மாப்பிள்ளை உட்கார்ந்து சாவியைத் திருகினார். சத்தமே இல்லை. மறுபடி திருகினார். ஒரு விளக்குகூட எரியவில்லை.

கார் ஓடினால்தான் பேட்டரியில் சார்ஜ் ஏறும். நிறுத்தியே வைத்தால், உள்ளே இருக்கும் கடிகாரமும் அலாரமுமே அதைக் கொஞ்சங்கொஞ்சமாகக் குடித்துத் தீர்த்துவிடும்.

மாப்பிள்ளை இறங்கி வந்து, தலையைக் குனிந்தபடி சாவியைக் கடைக்காரர் கையில் வைத்தார்.

“மன்னிச்சிடுங்க மச்சான். கொடுக்க மனசில்லாம பொய் சொல்றீங்கன்னு நினைச்சுட்டேன்.”