முள்ளை ஒடச்சியா?

சரசாவின் தூண்டில் நரம்பு சிக்கியதும் கணவன் கஜபதி அவள் கன்னத்தில் அறைந்தான். பழவேற்காட்டுக் கடலில் அந்தச் சின்னப் படகு ஒரு பக்கம் சாய்ந்தது.

“ஆவடிலேர்ந்து இட்டுகினு வந்தா, ஒரு மீனு புடிக்கத் துப்பில்ல!”

மகள் ரேஷ்மா கண்ணை மூடிக்கொண்டாள்.

“போட்டுல அடிக்காத அண்ணாத்தே, கவுந்துரும்,” என்றார் படகுக்காரர்.

கஜபதியின் தூண்டிலில் கெளுத்தி மாட்டியது. படகுக்காரர் சரசாவிடம் இரும்புக் குறடு ஒன்றை நீட்டினார்.

“விஷ முள்ளும்மா. மொதல்ல அத்த ஒடச்சிட்டுத்தான் மீனக் கையில எடுக்கணும்.”

அதன்பிறகு அவன் பிடிக்கப் பிடிக்க, அவள் முள்ளை உடைத்துக் கொடுத்தாள். தாமதித்தால் முதுகில் குத்து விழுந்தது. நாலாவது மீனின்போது அவள் உதடு கிழிந்தது.

ஐந்தாவது மீன் துள்ளியது.

“முள்ள ஒடச்சியாடி?”

“ஒடச்சிட்டேங்க.”

வலது கையால் இறுக்கிப் பிடித்தவன் அலறினான். முள் உள்ளங்கையில் ஏறி, புறங்கையில் எட்டிப் பார்த்தது.

படகுக்காரர் துணியைச் சுற்றினார். “ஒரு மாசத்துக்கு இந்தக் கையத் தூக்க முடியாது. கரைக்குப் போயிரலாம்மா.”

“இன்னும் ஒண்ணு புடிச்சிக்கிறேண்ணே,” என்றாள் சரசா, தூண்டிலில் இறாலைக் கோத்தபடி. “அவரு எடது கையாலயும் அடிப்பாரு.”