பூமாலையின் புள்ளிகள்

"ஜிபிஎஸ் சாஃப்ட்வேரை ஏத்து பாப்பா, வேலை முடிஞ்சதும் அதையும் எடுத்துடணும். நான் வந்துபோன தடமே உன் கம்ப்யூட்டர்ல இருக்கக் கூடாது."

சங்கவி நிமிர்ந்து பார்த்தாள். திண்டிவனத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்து ஆறு வருஷமாகிறது. சாஃப்ட்வேர் ஏற்றச் சொல்லி வருவார்கள், எடுக்கச் சொல்லியும் வருவார்கள். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னவர் இவர்தான்.

"பொம்மையார்பாளையத்துலேர்ந்து வர்றேன். பேரு சவுரிராயன். கடல்தொழிலு."

மஞ்சள் பையிலிருந்து இரண்டு ஜிபிஎஸ் கருவிகளை எடுத்து மேஜைமேல் வைத்தார். பழைய செல்போன் மாதிரி தடித்தடியாக இருந்தன.

"மீனு கூடுற எடத்தை எல்லாம் இதுல பாயிண்ட்டா போட்டு வச்சிருப்போம். ஒண்ணுல இருக்கறதை இன்னொண்ணுக்கு மாத்தணும்."

"மாத்திடலாம்ண்ணா. பாண்டி பக்கத்துலதானே இருக்குது? அங்கயே பண்ணுவாங்களே."

"அங்க எவனாவது தெரிஞ்சவன் பாத்துடுவான்."

ஒரு கருவியின் முதுகில் வெள்ளை பெயின்ட்டில் 'பூமாலை' என்று எழுதி, கீழே ஒரு போன் நம்பரும் இருந்தது.

"பூமாலை யாருண்ணா?"

"சின்ன வயசுலேர்ந்து கூட்டாளி, போட்டுதான் வேற வேற. செத்து நாலு மாசமாவுது." அவர் பார்வை தெருப்பக்கம் போய்விட்டது. "நீ ஏத்திக்கினு இரு. நான் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடுறேன்."

சாஃப்ட்வேர் ஏறி முடிந்ததும், சவுரிராயனின் கருவியை ஒயரில் மாட்டினாள்.

திரை முழுக்க நீலமாக விரிந்தது. கரையோரக் கோடு ஒன்று, அதற்கப்பால் வெறும் கடல். அந்தக் கடலில் ஒன்றொன்றாகப் புள்ளிகள் முளைத்தன. பத்து, ஐம்பது, இருநூறு. ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர். பெரிய கல்லு. வஞ்சிரம் ரெண்டு. மழ நாளு. சும்மா ஒண்ணு.

வெளியே பஸ் ஹாரன்கள் எங்கோ தொலைவில் கேட்பது போலிருந்தது. மின்விசிறிக் காற்றில் உப்பு வாசனை வருகிறதோ என்றுகூட அவளுக்குத் தோன்றியது. புள்ளிக்குப் புள்ளி மெல்ல நகர்ந்தாள். எத்தனை விடியல், எத்தனை அலை. ஒரு மனுஷன் ஆயுசு முழுக்கக் கண்ட கனவை யாரோ தண்ணீர்மேல் தூவிவிட்ட மாதிரி இருந்தது.

சட்டென்று மனசு கசந்தது. இவ்வளவு வைத்துக்கொண்டுமா, செத்தவனுடையதுக்கு ஆசைப்படுகிறார்?

பெயின்ட்டில் எழுதியிருந்த நம்பருக்குப் போன் போட்டாள். ஒரு பெண் குரல் எடுத்தது.

"நான் பூமாலை சம்சாரம் கிருஷ்ணவேணி பேசறேன். யாரும்மா?"

"திண்டிவனத்துல கம்ப்யூட்டர் கடைங்க. உங்க ஜிபிஎஸ் இங்க வந்திருக்குது..."

"ஆமாம்மா. பட்டன் சரியா அமுங்கல, ரிப்பேர் பாத்துக் குடுக்கறேன்னு சவுரி அண்ணன் எடுத்துக்கினு போச்சு. எம் பையன் பிரவீன்குமார் திங்கக்கிழமை மொத மொதலா கடலுக்குப் போறான். அவங்கப்பா இருவது வருசமா பாத்து வச்ச எடமெல்லாம் அதுலதான் இருக்குது. எங்களுக்குன்னு இருக்கறது அது ஒண்ணுதான். பத்திரமா பாத்துக் குடும்மா."

"சரிங்கம்மா" என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

ரிப்பேராம்!

மவுஸை இழுத்தாள். 'இந்த சாஃப்ட்வேரை நீக்கலாமா?' என்று திரை கேட்டது. யோசிக்கவே இல்லை, ஆமாம் என்று அமுக்கினாள். கடல் மறைந்து, வழக்கமான பச்சை மலைப் படம் வந்தது.

சவுரிராயன் உள்ளே வந்தார். "ஆயிடுச்சா பாப்பா?"

"எடுத்துட்டேன்."

"மாத்திட்டியா?"

"மாத்தல. சாஃப்ட்வேரை எடுத்துட்டேன். வேற கடை பாத்துக்குங்க." ஒயரைப் பிடுங்கி, கருவியை அவர் பக்கம் தள்ளினாள். "உங்ககிட்டதான் அத்தனை இருக்குதே. புருசன் செத்த பொம்பளகிட்ட ரிப்பேர்னு பொய் சொல்லி வாங்கியாந்து, அவங்க பாயிண்டையும் எடுக்கணுமா? அந்தப் பையன் பொழைக்க வேணாமா?"

அவர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"பூமாலை மிஷினைப் போட்டுப் பாத்தியா?"

"இல்ல."

"போட்டிருந்தாலும் ஒண்ணும் வந்திருக்காது. அது காலி."

"காலியா?"

"பிரவீனு எதையோ அமுக்கப்போயி அத்தனையும் அழிஞ்சிடுச்சி. அவங்கம்மாகிட்ட சொல்ல வாய் வரல. பெரியப்பா, அப்பாவை ரெண்டாவது வாட்டி நானே சாவடிச்சிட்டேன்னு எங்கிட்ட வந்து அழுதான். கம்ப்யூட்டர்ல போட்டா திரும்ப வந்துடும்டான்னு சொல்லிட்டு வந்துக்கிறேன்."

"அழிஞ்சது வராதுண்ணா."

"தெரியும் பாப்பா. அதனாலதான் என்னோடதை எடுத்துக்கினு வந்தேன். அதை அப்படியே பூமாலை மிஷின்ல ஏத்திடு. அப்பன் போட்டு வச்சதாவே இருக்கட்டும். நான் குடுத்தேன்னு தெரிஞ்சா அந்தப் புள்ள வாங்க மாட்டான்."

சங்கவி திரும்பி, சாஃப்ட்வேரை மறுபடி முதலிலிருந்து ஏற்ற ஆரம்பித்தாள். மெல்ல மெல்ல நீலம் விரிந்தது. புள்ளிகள் ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்க்கொண்டிருந்தன. இருவரும் அந்தக் கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"இவ்ளோ பெரிய மனசு யாருக்குண்ணா வரும்?" என்றாள் அவள்.

சவுரிராயன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"பெரிய மனசா? ஒரே ஒரு எடமாவது சொல்லுடான்னு, உயிரோட இருந்தப்ப பூமாலை எத்தினியோ வாட்டி கேட்டான் பாப்பா. நான் ஒண்ணுகூடச் சொல்லல."